அண்ணனுக்கு எழுதிய லீவ் லெட்டர்

அண்ணன் பெயரில் நான் எழுதிய கடைசி லீவ் லெட்டர் ஏழு வரி. அப்போது அவன் அரசு ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், கண்ணிரண்டும் மஞ்சளாகி, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தான். நான் கீழே மருந்துக் கவுண்டருக்கு எதிரே இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் வகுப்பு நோட்டை வைத்து எழுதினேன். முதலில் எழுதிய தாளில் ஒரு அடித்தல் விழுந்துவிட்டது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் சுத்தமாக எழுதினேன்.

லீவ் லெட்டர் என் தொழிலோடு சேர்ந்தது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், சுக்கும் மஞ்சளும் மூட்டை மூட்டையாக அடுக்கிய ஒரு கோடவுனின் மாடியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஹோட்டல் வேலைக்காரர்கள், வெள்ளைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடைப் பெண்கள், வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கும் நர்சுகள் என்று பலரும் வருவார்கள். முதல் வாரத்திலேயே லீவ் லெட்டர் எழுதப் பழக்கிவிடுவேன். மறுநாளே உபயோகப்படுகிற ஆங்கிலம் அதுதான்.

அதே பாடத்தில் ‘லீவ்’ என்கிற வினைச்சொல்லையும் நடத்துவேன். வீட்டிலிருந்து புறப்படுவதும் லீவ். கதவைத் திறந்தபடி விட்டுவைப்பதும் லீவ். பொறுப்பை இன்னொருவரிடம் விடுவதும், செத்துப்போகிறவர் பெண்டாட்டி பிள்ளையை விட்டுப்போவதும் அதே சொல்தான். நம்முடைய ‘விடு’ மாதிரி என்று சொன்னால் தமிழ்க்காரர்களும் மலையாளிகளும் சேர்ந்து தலையாட்டுவார்கள். இரண்டு பாஷைக்கும் பொதுவான சொல் அது. விடுப்பு, விடுமுறை, விடை எல்லாம் அதற்குள்ளிருந்து வந்தவை. இதைச் சொல்லி முடிக்கும்போது எனக்கே ஒரு பெருமை இருக்கும்.

எங்கள் குடும்பம் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்தது. தாத்தா முனிசிபாலிட்டியில் தெருக் கூட்டினார். அப்பாவும் அதே வேலை பார்த்து, நிரந்தரத் தொழிலாளியாக ஓய்வு பெற்றார். அண்ணன் வளர்ந்து வந்தபோது நிரந்தர வேலை என்பதே இல்லாமல் போயிருந்தது. கால்வாய்களையும் சாக்கடைகளையும் தூர்வாரும் வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒரு கம்பெனியில் அவன் பதினோரு வருஷம் இருந்தான். பள்ளுருத்தியில் இரண்டு அறை வாடகை வீடு. மதினி தோப்பும்படியில் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரே மகள் பாலக்காட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அண்ணனுக்கு ஒரே தங்கை நான், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர்கள் வீட்டுக்கு அடுத்த சந்தில் ஒரு அறையில் இருந்தேன். சாப்பாடு பெரும்பாலும் மதினி வீட்டில்தான்.

அந்தக் கம்பெனியின் தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருந்தது. அதனால் எழுத்து வேலையெல்லாம் ஆங்கிலத்தில். அண்ணனுக்குப் பத்தாம் வகுப்பு மலையாளம்தான் தெரியும். பதினோரு வருஷமும் அவனுடைய லீவ் லெட்டர்களை நான்தான் எழுதினேன். அவன் கூட்டாளிகளில் பாதிப் பேருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “டீச்சரே, ரெண்டு நாளைக்கு ஒண்ணு எழுது” என்பான். என்ன காரணம் எழுத என்று கேட்டால், நீ பார்த்து எழுது என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விடுவான். அவன் குளிக்க முக்கால் மணி நேரம் ஆகும். கால்வாய் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோருமே அப்படித்தான்.

மழை தொடங்குவதற்கு முந்தின மாதம் அவர்களுக்கு ஓய்வில்லாத மாதம். ஜூனில் தண்ணீர் ஓட வேண்டுமானால் மே மாதத்திற்குள் அத்தனை கால்வாயிலும் சேறு அள்ளியாக வேண்டும். அந்த வருஷம் மே மாதத் தொடக்கத்தில் கம்பெனியில் வருகைப் பதிவுக்குப் புதிதாக விரல் வைக்கும் இயந்திரம் வந்திருந்தது. அண்ணனின் விரல் அதில் பதியவில்லை. சேற்றிலும் ப்ளீச்சிங் பவுடரிலும் கிடந்து ரேகை தேய்ந்துபோயிருந்தது. காலையில் பத்துத் தடவை வைத்துப் பார்ப்பானாம், சிவப்பு விளக்கே எரியுமாம். சூப்பர்வைசர், பரவாயில்லை, வேலைக்கு இறங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பாராம். அண்ணன் இதை ஒரு தமாஷாகத்தான் எங்களிடம் சொன்னான். பதினோரு வருஷம் உழைத்ததில் தனக்கு அடையாளமே அழிந்துவிட்டது, இனி திருடப் போகலாம் என்று சொல்லிச் சிரித்தான்.

வேறு ஒன்றையும் சொன்னான். மழைக்கு முன்னால் கால்வாயில் இறங்குகிறவர்களுக்கு எலிப்பனி வராமலிருக்க வாரம் ஒரு மாத்திரை தருவது வழக்கம். எங்கள் ஊரில் காய்ச்சலுக்குப் பனி என்றுதான் பெயர். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து வருவதால் அது எலிப்பனி. அந்த வருஷம் அவன் கூட்டத்துக்கு மாத்திரை வரவில்லை. கம்பூட்ஸும் வரவில்லை, பழையது கணுக்காலில் கிழிந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே ஓட்டுச் சில்லு கிழித்த காயத்துக்கு மதினி மஞ்சள் வைத்துக் கட்டியதை நானும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாத்திரையைக் கேட்டு வாங்கு என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் மருந்துக் கடையிலேயே வாங்கியிருக்கலாம்.

மே பதினெட்டாம் தேதி அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் காய்ச்சலோடு வேலைக்குப் போனான். நான்காம் நாள் காலையில் எழுந்து நிற்க முடியவில்லை. கெண்டைக்காலை யாரோ பிழிகிற மாதிரி இருக்கிறது என்றான். மதினி ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனாள், பின்னாலேயே நானும் போனேன். டாக்டர் ஒரு சின்னப் பெண். அவன் கெண்டைக்காலை அழுத்தினாள், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள், என்ன வேலை என்று கேட்டாள். பதிலைக் கேட்டதும் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

சேர்த்த மறுநாள் மதியம் சூப்பர்வைசர் வந்தார். அவர் மலையாளி, எங்களிடம் பேசும்போது பாதி தமிழாக்கிக்கொள்வார். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தார். அண்ணன் மகளின் சடங்குக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். வார்டுக்குள் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, சுவர் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பு என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். இயந்திரத்தில் விரல் பதியாததால், மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து அண்ணன் பெயருக்கு நேரே ஆப்சென்ட் என்று ஏறியிருக்கிறது. தொடர்ந்து மூன்று வாரம் ஆப்சென்ட் ஆனால் கம்ப்யூட்டரே பெயரை நீக்கிவிடும். ஒன்றாம் தேதி முதல் லீவ் என்று ஒரு கடிதம் உள்ளே போய்விட்டால் பெயர் நிற்கும். குணமாகி வரும்போது வேலை இருக்கும். இதுதான் அவர் சொன்னது.

“ஒண்ணாம் தேதியிலிருந்தா?” என்றேன். “முந்தாநாள் வரைக்கும் தோட்டுல எறங்குனானே.” கால்வாயை நாங்கள் தோடு என்போம்.

“எனக்கு அறியாதா டீச்சரே? நான்தானே எறக்கி விட்டது. இது கம்ப்யூட்டருக்கு மட்டும்.”

காய்ச்சல் என்று எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். காய்ச்சல் என்றால் ஒன்றாம் தேதியிலிருந்து மெடிக்கல் சர்டிபிகேட் கேட்பார்கள். நாட்டுக்கு, அதாவது சொந்த ஊருக்குப் போகிறேன், குடும்பக் காரியம் என்று எழுதினால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நான் இன்னும் தயங்கினேன். அவர் என் கையிலிருந்த நோட்டைத் தொட்டு, “அதெல்லாம் எனக்கு விட்டேக்கு டீச்சரே” என்றார், என்னிடம் விட்டுவிடு என்கிற அர்த்தத்தில்.

எழுதினேன். முந்தின மாதக் கடைசித் தேதியை மேலே போட்டேன். என் சொந்த ஊருக்குப் புறப்பட வேண்டியிருப்பதால் ஒரு மாதம் விடுப்பு வேண்டும் என்பதுதான் விஷயம். புறப்படுவது என்ற இடத்திலும் லீவ் வந்தது, விடுப்பு என்ற இடத்திலும் லீவ் வந்தது. வகுப்பில் இதுபோல ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்து அதைப் படித்துப் பார்த்தபோது வாக்கியம் நன்றாக விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

சொந்த ஊர் என்று ஒன்று எங்களுக்கு இல்லை. தாத்தாவின் ஊரில் வீடும் இல்லை, ஆளும் இல்லை. அண்ணன் பிறந்ததிலிருந்து அங்கே போனதேயில்லை.

கையெழுத்துக்காக மாடிக்குப் போனேன். ஊசி குத்திய கையைத் தூக்க முடியாமல் அவன் விரலை மட்டும் நீட்டினான். பேனாவை இடுக்கிவிட்டு, நோட்டை அடியில் பிடித்தேன்.

“என்னத்துக்கு?” என்றான்.

“லீவுக்கு.”

“எத்தன நாளு?”

“சொகமாவுற வரைக்கும்.”

படித்துப் பார்க்கும் வழக்கம் அவனுக்கு என்றைக்கும் கிடையாது. மலையாளத்தில் பெயரை எழுதினான். கடைசி எழுத்து கீழே சரிந்துபோயிற்று. அன்று மாலை சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, நுரையீரலில் ரத்தம் கசிந்து இறந்துபோனான். அவன் மகள் பாலக்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

பதினாறு முடிந்து ஒரு வாரத்தில் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மதினி தோப்பும்படிக்கு வேலைக்குத் திரும்பியிருந்தாள். கையில் இறால் வாசனையோடு வந்து உறையைக் கிழித்து என்னிடம் நீட்டினாள். ஆழ்ந்த வருத்தம் என்று தொடங்கியது. மனைவியையும் மகளையும் விட்டுச் சென்றிருக்கிறார் என்று ஒரு வரி. அதற்கு அடுத்த பத்தியில், மறைந்தவர் மாதத் தொடக்கத்திலிருந்தே சொந்த ஊருக்குச் செல்ல விடுப்பில் இருந்ததால், அவருடைய நோய்க்கும் கம்பெனி வேலைக்கும் தொடர்பில்லை என்று இருந்தது. முதல் பத்தியிலும் லீவ், இரண்டாவது பத்தியிலும் லீவ்.

“என்ன எழுதியிருக்கு?” என்றாள் மதினி.

வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள் என்றேன். அதற்குமேல் அன்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க யோசனை சொன்னது ஒரு சங்கத்துக்காரர். வேலையில் இருந்தபோது வந்த நோயால் இறந்தான் என்று நிரூபித்தால் மதினிக்கு உரியது கிடைக்கும். மதினிக்கு அதைவிட வேறொன்று முக்கியமாக இருந்தது. அவன் வேலை செய்துதான் செத்தான் என்று யாராவது ஒரு அதிகாரி எழுதித் தர வேண்டும் என்றாள். மனுவுக்குக் கம்பெனி பதில் தாக்கல் செய்தது, பதிலோடு லீவ் லெட்டரின் நகலை இணைத்திருந்தார்கள். நகல் எங்கள் கைக்கு வந்த அன்று, அலுவலகப் படிக்கட்டிலேயே மதினி உட்கார்ந்துவிட்டாள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் கையெழுத்தைத் தெரிந்துகொள்ள ஆங்கிலம் படித்திருக்க வேண்டியதில்லை. மகளின் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போட்டுப் பெயர் எழுதியவள் நான்தான்.

“படி” என்றாள். “தமிழ்ல சொல்லு. ஒண்ணும் விடாம சொல்லு.”

சொன்னேன். ஐயா என்பதிலிருந்து தங்கள் உண்மையுள்ள என்பதுவரைக்கும் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். சூப்பர்வைசர் வந்ததையும், விரல் பதியாத இயந்திரத்தையும் சொன்னேன். எனக்கு அழுகை வந்தபோது நிறுத்தினேன், அவள் காத்திருந்தாள், நான் மறுபடி தொடர்ந்தேன்.

எல்லாம் முடிந்ததும், “அப்போ அந்த மூணு வாரம் அவரு நாட்டுல இருந்தாரு” என்றாள். “நான் தினம் காலைல கட்டிக் குடுத்த சோறு யாரு தின்னது?”

அவள் எழுந்து தனியாகப் பஸ் ஏறிப் போய்விட்டாள். அன்றிலிருந்து நான் அந்த வீட்டில் சாப்பிடவில்லை. வராதே என்று அவள் சொல்லவில்லை. நானாகத்தான் போகவில்லை.

அவள் சும்மா இருக்கவில்லை. ஷெட்டுக்கு அரை நாள் போய்விட்டு, மீதி நேரத்தில் அண்ணனின் போட்டோவை எடுத்துக்கொண்டு அந்த மாதம் அவர்கள் தூர்வாரிய கால்வாய்க் கரை முழுக்க நடந்தாள். ஒவ்வொரு கடையிலும் வீட்டிலும் போட்டோவைக் காட்டி, இவரை மே மாதம் இங்கே பார்த்தீர்களா என்று கேட்டாள். அது கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்த படம். வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, நெற்றியில் சந்தனத்தோடு இருப்பான். ஒரு சாயாக்கடைக்காரர் நல்லவிதமாகவே சொன்னாராம்: சேச்சி, ஏழெட்டு ஆள் இறங்கினது வாஸ்தவம், ஆனால் கழுத்துவரைக்கும் சேறு, எல்லாருக்கும் ஒரே மஞ்சள் கோட்டு, முகத்தை யார் பார்த்தது? இதைச் சங்கத்துக்காரர் மூலமாகத்தான் நான் கேள்விப்பட்டேன்.

கூட வேலை செய்தவர்களில் ஒருவர், விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர், சாட்சி சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். அண்ணனோடு ஒரே கயிற்றைப் பிடித்து இறங்கியவர். விசாரணை நாளன்று எறணாகுளத்து அலுவலகத்துக்கு வரவும் செய்தார். ஆனால் உள்ளே வரவில்லை. வெளி வராந்தாவில் மதினியிடம், தனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், நாளைக்கும் அதே லாரியில்தான் ஏறியாக வேண்டும் என்றார். மதினி அவரைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சாயா குடித்தீர்களா என்று கேட்டாள். பிறகு, போய் வேலையைப் பாருங்கள் அண்ணே என்று அனுப்பிவிட்டாள்.

அதனால் சாட்சிக்கு நான் ஒருத்திதான் மிஞ்சினேன். அந்தக் கடிதத்தை எழுதியது நான், எழுதிய நாள் வேறு, அதில் இருப்பது பொய் என்று வாக்குமூலம் கொடுத்தேன். அதிகாரி ஒரு பெண். நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு கம்பெனி வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தாமல், மரியாதையாகவே கேட்டார். நான் எத்தனை வருஷமாக ஆங்கிலம் கற்பிக்கிறேன், கடிதத்தில் தேதி என்பது எதற்காக, புறப்பட வேண்டியிருக்கிறது என்றால் அது நடந்ததா நடக்கப்போவதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் வகுப்பில் சொல்வதுபோலப் பதில் சொன்னேன்.

“இது பொய்யின்னு எழுதும்போது அறியுமாயிருந்நோ?” என்றார்.

“தெரியும்.”

“அன்னிக்கு உங்க அண்ணனுக்காகப் பொய் எழுதினீங்க. இன்னிக்கு உங்க அண்ணன் குடும்பத்துக்காகப் பேசறீங்க. இதுல எத நம்பணும் டீச்சர்?”

ஆஸ்பத்திரிக் குறிப்பில் சாக்கடை சுத்தம் செய்யும் தொழிலாளி என்று இருந்தது. எந்த நாள்வரை வேலை செய்தான் என்று அந்த டாக்டர் பெண் எழுதியிருக்கவில்லை. இயந்திரப் பதிவில் மூன்று வாரமும் அவன் இல்லை. சூப்பர்வைசர் சாட்சிக் கூண்டில் நின்று, மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே, அந்த மாதம் அவன் வேலைக்கு வரவில்லை என்றார். எங்களைக் கடந்து வெளியே போகும்போது அவர் நடையில் ஒரு தள்ளாட்டம் இருந்தது. எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை.

தீர்ப்புக்குக் காத்திருந்த நாட்களில் வகுப்பு நடத்த முடியவில்லை. அடுத்த தொகுதிக்கு அதே பாடம் வந்தபோது கரும்பலகை முன்னால் நின்றபடி வேறு பாடத்துக்குத் தாவிவிட்டேன். ஒரு நர்ஸ் எழுந்து, லீவ் என்றால் போவது, அப்புறம் லீவ் என்றால் அனுமதி, ஒரு சொல்லுக்கு எப்படி இப்படி இரண்டு அர்த்தம் வரும் என்று கேட்டாள். பத்து வருஷமாக ‘விடு’வைக் காட்டிச் சமாளித்த கேள்வி அது. அன்று நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, மாலையில் நூலகத்தில் சொற்களின் பூர்வீகம் சொல்லும் பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன்.

அது ஒரு சொல்லே இல்லை. ஒரே எழுத்தில் எழுதப்படும் இரண்டு சொற்கள். அனுமதி என்று பொருள்படும் லீவ் ஒரு வேரிலிருந்து வந்தது. அன்புக்கும் நம்புவதற்கும் ஆங்கிலத்தில் உள்ள சொற்கள் அதே வேரில் பிறந்தவை. பிரியமுள்ளவர் சம்மதித்துக் கொடுப்பதுதான் பழைய லீவ். முதலில் அதை வாங்கிக்கொண்டுதான் ஒருவர் புறப்பட முடியும். நாம் விடைபெறுவது என்று சொல்வதும் அதுதான். மற்ற லீவ், அந்த வினைச்சொல், வேறு வேரிலிருந்து வந்தது. அதன் பழைய பொருளில் போவது என்பதே கிடையாது. எஞ்சியிருக்கச் செய்வது, பின்னால் இருக்க விடுவது, வாரிசுக்கு வைத்துப்போவது. ஒட்டிக்கொள்வது என்பதுதான் அதன் ஆதி அர்த்தமாம், உயிர் வாழ்வதற்கான ஆங்கிலச் சொல்லும் அதன் உறவுதானாம். ஊரைப் பின்னால் இருக்க விடுகிறவன் ஊரிலிருந்து போகிறான் அல்லவா, அப்படித்தான் போவது என்ற பொருள் பின்னால் வந்து ஏறியது.

நூலகத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஏழு வரியில் இந்த இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது நான். அவற்றைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு வைத்தேன். இதைக் கண்டுபிடித்ததால் எனக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. மறுநாள் அந்த நர்ஸுக்குப் பதில் சொன்னேன். அவள் குறித்துக்கொண்டாள்.

மனு தள்ளுபடியானது. இறந்தவர் சம்பந்தப்பட்ட காலத்தில் வேலையில் இருந்தார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று உத்தரவில் இருந்தது. உத்தரவை வாங்கிய அன்று மதினி என்னோடு ஒரு வார்த்தை பேசினாள். ‘தள்ளுபடி’ என்பதை மலையாளத்தில் ‘தள்ளி’ என்று எழுதியிருப்பதைக் காட்டி, “தள்ளிட்டாங்க” என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் ஒரே ஊரில், அடுத்தடுத்த சந்தில் இருந்துகொண்டு நாங்கள் பேசவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பார்த்தால் அவள் குடத்தை நகர்த்தி எனக்கு இடம் விடுவாள். அண்ணன் மகள் போனில் பேசுவாள், அம்மா எப்படியிருக்கிறாள் என்று கேட்பாள். நான் நன்றாக இருக்கிறாள் என்பேன். மதினியின் விரல்களில் இறால் முள் குத்திக் குத்திப் புண்ணாகியிருந்ததைச் சொல்லவில்லை. அண்ணனின் வருஷாந்திரத்துக்கு என்னைக் கூப்பிட அவள் வரவில்லை. நானாகப் போய் வாசல் பக்கம் நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் என் அறைக்கு வந்தாள். கட்டிலில் உட்காராமல் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். மேல்முறையீடு செய்ய முடியும் என்று சங்கத்துக்காரர் சொல்லியிருக்கிறார், தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும், நடந்ததை அவள் சொந்தமாக எழுதினால் வக்கீல் அதை வைத்துக்கொள்வார் என்றாள். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். மூன்று பக்கம் மலையாளத்தில் அவளே எழுதியிருந்தாள். நான் கை நீட்டினேன்.

“நீ திருத்த வேண்டாம்” என்றாள். “படிச்சா மட்டும் போதும்.”

படித்தேன். எழுத்துப் பிழைகள் இருந்தன. மே மாதம் ஒன்றாம் தேதி காலை ஐந்தரைக்குக் கஞ்சியும் பயறும் கொடுத்ததிலிருந்து தொடங்கியிருந்தாள். ஒவ்வொரு நாளும் அவன் எந்தக் கால்வாய்க்குப் போனான், எத்தனை மணிக்குத் திரும்பினான், சட்டையில் என்ன நாற்றம் இருந்தது, எதை அலசினாள் என்று இருபது நாளையும் எழுதியிருந்தாள். மூன்றாம் பக்கத்தில் என்னைப் பற்றி இரண்டு வரி இருந்தது. என் நாத்தனார் அவருக்கு வேலை போகக்கூடாது என்று நினைத்து அந்தக் கடிதத்தை எழுதினாள், அவளைச் சூப்பர்வைசர் நம்பவைத்தார் என்று இருந்தது. நோட்டை மூடி அவளிடம் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை வக்கீலைப் பார்க்கப் போக வேண்டும், கூட வருகிறாயா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். அவள் எழுந்து, அடுப்பில் என்ன இருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்த்தாள். காலையில் வைத்த ரசம் மட்டும் இருந்தது. மீன் வாங்கி வைத்திருக்கிறேன், வா என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

மேல்முறையீடு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு தடவை தள்ளிவைத்துவிட்டார்கள். தோற்றுப்போகவும் கூடும் என்று வக்கீல் முதல் நாளே சொல்லிவிட்டார். வாய்தா நாட்களில் நாங்கள் மட்டாஞ்சேரித் துறையிலிருந்து படகில் எறணாகுளம் போகிறோம். மதினி ஷெட்டில் அரை நாள் சொல்லிவிட்டு வருவாள். நான் வகுப்பை மாற்றி வைத்துவிட்டு வருவேன்.